கிளார்க்கை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

போன டிசம்பரில் என் அக்கா மகள் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாதாரண நிலைத் தேர்வு முடிந்திருந்தது. தொடக்கக் கல்லூரி திறக்க இன்னும் பல வாரங்கள் இருந்தன. ஜூரோங் வட்டார நூலகத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பெயர் போட்ட நாவல்களில் கையில் கிடைத்த நான்கையும் எடுத்து வந்திருந்தாள். மேசை மேல் வரிசையாக வைத்துவிட்டு, “சித்தி, 21 நாள்தான் இருக்கு. எதை முதல்ல படிக்கட்டும்?” என்று கேட்டாள்.

நான்கும் இவை: 2001: எ ஸ்பேஸ் ஒடிசி, சைல்டுஹுட்ஸ் எண்ட், ரான்டேவூ வித் ராமா, தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்.

எதை எடுத்தாலும் நல்ல புத்தகம்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கிளார்க்கைப் பொறுத்தவரை முதல் புத்தகம் சரியாக அமையாவிட்டால் ஆளே விலகிப் போய்விடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. பதினேழு வயதில் 2001-ஐ எடுத்தேன், பாதியில் வைத்தேன், அப்புறம் எட்டு வருடம் அவர் பக்கமே போகவில்லை. அந்த எட்டு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

காரணம் இருக்கிறது. நம்மில் பலரும் சுஜாதா வழியாக அறிவியல் புனைகதைக்குள் வந்தவர்கள். அவர் கதையில் ஆட்கள் பேசுவார்கள், கிண்டல் செய்வார்கள், காதலிப்பார்கள். அறிவியல் அந்தப் பேச்சோடு கலந்து வந்துவிடும். கிளார்க்கிடம் அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அவருடைய மனிதர்கள் நல்லவர்கள், நிதானமானவர்கள், வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு பெயர்கூட நினைவில் இருக்காது. அவர் கொடுப்பது வேறு. மிகப் பெரிய ஒன்றின் முன்னால் ஒரு மனிதன் நின்று அண்ணாந்து பார்க்கும் கணம். அந்தக் கணத்துக்கு நம்மைக் கூட்டிப் போக அவர் அளவுகளையும் தூரங்களையும் இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக அடுக்குவார். அந்த அடுக்கலில் நமக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். எந்தப் புத்தகத்தில் அந்த இடம் நமக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் தேர்வு.

முதலில் 2001. பெயர் தெரிந்த புத்தகம் என்பதால் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கதையைச் சேர்ந்து உருவாக்கினார்கள். படமும் நாவலும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. 1968இல் படம் முதலில் வந்தது, சில மாதம் கழித்து நாவல். படத்தில் விண்கலம் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்கு. படம் பேசாமல் விட்ட பலவற்றை நாவல் பொறுமையாக விளக்குகிறது, அது அதன் பலம். பலவீனமும் அதுவே. படம் பார்த்தவருக்கு நாவல் கோனார் உரை போல ஆகிவிடும். பார்க்காதவருக்கோ முதல் பகுதி முழுக்க லட்சக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் ஆதிக் குரங்குமனிதர்கள், அப்புறம் திடீரென நிலா, அப்புறம் இன்னொரு பயணம். மூன்று முறை புதிதாகத் தொடங்குகிறது. ஹால் என்ற கணினி வரும் பகுதி அபாரமானது. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதன் அடுத்த பாகமான 2010 நாவலில் (1982) ஹாலை மறுபடி எழுப்பப் போகிற விஞ்ஞானி டாக்டர் சந்திரா. அவருடைய முழுப்பெயரை கிளார்க் எழுதுகிறார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. உலகத்துக்கே தெரிந்த அந்தக் கணினிக்குப் பாடம் சொன்ன வாத்தியார் ஒரு தமிழ்ப்பெயர்க்காரர்! அந்தப் பக்கத்தை நான் படித்தது எம்ஆர்டியில், லேக்சைட் தாண்டியபோது. பெயரை மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் 2010-ஐப் படிக்க 2001-ஐக் கடந்துதான் வர வேண்டும். ஆகவே இவை இரண்டும் மூன்றாவது நான்காவது புத்தகமாக இருக்கட்டும்.

சைல்டுஹுட்ஸ் எண்ட் 1953இல் வந்தது. பெரிய நகரங்களின் மேலே வேற்றுக்கிரகக் கப்பல்கள் வந்து நிற்கும் தொடக்கம் இன்றைக்கும் உலுக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த அவருடைய நாவல்களில் ஒன்று. ஆனால் முடிவில் இருக்கும் துக்கம் கனமானது. கிளார்க்கின் உற்சாகத்தைக் கொஞ்சம் பழகிக்கொண்ட பிறகு படித்தால்தான் அந்தத் துக்கத்தின் பெறுமதி தெரியும். இதை முதலில் படிக்காதே என்று அவளிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டேன்.

மேசையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட், 1961. நிலாவில் தூசிக் கடல் ஒன்று. அதில் ஓடும் சுற்றுலாப் படகு பயணிகளோடு தூசிக்குள் மூழ்கிவிடுகிறது. மேலே இருப்பவர்களுக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. மேலே மூடிய தூசி வெப்பத்தை வெளியே விடாது. உள்ளே ஆட்களின் உடம்புச் சூடே ஏறிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் கதை, கீழே வைக்க முடியாது. நிலாவில் ஆழமான தூசி இருக்கலாம் என்று அப்போது நினைத்தவர்கள் இருந்தார்கள். 1966இல் சோவியத்தின் லூனா 9 அங்கே மெதுவாக இறங்கி, மூழ்காமல் உட்கார்ந்து படம் அனுப்பியபோது அந்த எண்ணம் போயிற்று. கதைக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. அறிவியல் கதையே வேண்டாம் என்று சொல்கிறவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. என் கணவருக்கு இதைத்தான் கொடுத்தேன். ஒரே வாரக் கடைசியில் முடித்தார். ஆனால் என் அக்கா மகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவளுக்குப் பெரியது வேண்டும்.

அப்படியானால் மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான். இரண்டுமே ஹியூகோ, நெபியூலா என்ற இரு பெரிய விருதுகளையும் வாங்கியவை.

ராமா வந்தது 1973இல். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. முதலில் சிறுகோள் என்று நினைக்கிறார்கள். கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயரெல்லாம் வைத்துத் தீர்ந்துவிட்டதால் வானியலாளர்கள் இந்துக் கடவுள்களின் பெயருக்கு வந்திருக்கிறார்கள், அதனால் ராமா. கிட்டப் போய்ப் பார்த்தால் 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை. யாரோ செய்தது. நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் சூரியனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேருவதற்குள் உள்ளே இறங்கிப் பார்க்க ஒரே ஒரு கப்பலுக்குத்தான் நேரம் இருக்கிறது.

உள்ளே இருட்டு. கமாண்டர் நார்ட்டன் முதல் வெளிச்சக்குண்டை ஏற்றும்போது அந்த உருளையின் உட்புறம் முழுக்கச் சமவெளி என்று தெரிகிறது. நடுவே வளையமாக ஒரு கடல், உறைந்து கிடக்கிறது. அந்த இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள், என் அக்கா மகளும் தடுமாறினாள். “கடல் எப்படி சித்தி தலைக்கு மேல இருக்கும்?” என்று வாட்சப்பில் கேட்டாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது உருளைக்கிழங்குச் சிப்ஸ் டப்பா ஒன்றின் அடிப்பக்கத்தை வெட்டி எடுத்தேன். நீளத்துக்கும் அகலத்துக்கும் ராமாவின் உட்புறம் கிட்டத்தட்ட அந்த வாட்டம்தான். ஒரு நீலத்தாளைப் பட்டையாக வெட்டி உள்பக்கம் நடுவில் சுற்றி ஒட்டினேன். கைப்பேசி விளக்கை ஒரு வாயில் வைத்து, “இப்போ இந்த ஓரத்துல நீ எறும்பு மாதிரி நிக்கிறே. டப்பா சுத்துது, அதனால உன் காலு சுவத்துல ஒட்டிக்குது. நிமிர்ந்து பாரு” என்றேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “கடல் நேரா என் தலைக்கு மேல போகுது” என்றாள், குரலைத் தாழ்த்தி. எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் அது நடந்தது. ராமா என்ன செய்கிறது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வாசிப்பு வசதியென்று பார்த்தாலும் ராமா இந்த ஊருக்குப் பொருந்தும். 46 சின்னச் சின்ன அத்தியாயங்கள். பூன் லேயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குகிறவருக்கு ஒரு பயணத்தில் சில அத்தியாயங்கள் நிதானமாக ஓடும், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கதவு திறந்திருக்கும். கற்பனை நிஜத்துக்குள் வந்த கதையும் இதற்கு உண்டு. விண்கல் மோதலைத் தடுக்க நாவலில் வரும் ஸ்பேஸ்கார்டு திட்டத்தின் பெயரைத்தான் 1990களில் பூமிக்கருகே வரும் சிறுகோள்களைத் தேடும் நிஜமான பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். 2017இல் ஓமுவாமுவா என்ற நீண்ட பொருள் வேறொரு நட்சத்திரப் பக்கமிருந்து வந்து போனபோது பலருக்கு முதலில் ஞாபகம் வந்ததும் இந்த நாவல்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ராமாவில் மனிதர்கள் பார்வையாளர்கள். ஒருவரும் மாறுவதில்லை, ஒருவருக்கும் இழக்க அதிகமில்லை. கேள்விகளுக்குப் பதிலும் குறைவு. அதுவே அழகு என்பது என் கட்சி. கதையில் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் படிப்பேன் என்கிறவர் நூறாம் பக்கத்தில் கை நழுவிப் போய்விடுவார். பின்னால் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய தொடர்ச்சி நாவல்கள் மூன்று உண்டு. அவற்றின் சுவை வேறு. முதல் நாவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த மௌனம் கெடாமல் இருக்கட்டும்.

சரி, ஃபவுண்டன்ஸ். 1979.

கிளார்க் 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவர், 2008இல் கொழும்பில்தான் இறந்தார். அவரை அங்கே இழுத்தது கடல். அதே 1956இல் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் மூழ்கிப் பார்த்தபோது, போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். சம்பந்தர் பாடிய தலம். விண்வெளியை எழுதிய மனிதர் கடலுக்கடியில் நம் கோயில் தூணைத் தொட்டிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் சிலிர்ப்பாக இருக்கிறது.

அந்தத் தீவைத்தான் இந்த நாவலில் தப்ரோபனே என்ற பழைய பெயரில் எழுதுகிறார். சிகிரியா இதில் யக்ககல ஆகிறது. சிவனொளிபாத மலை ஸ்ரீ கந்தா ஆகிறது. தகப்பனைக் கொன்று அரியணை ஏறி, பாறை மேல் சொர்க்கத்தைக் கட்டிய பழைய அரசன் ஒரு பக்கம். 22ஆம் நூற்றாண்டில் ஜிப்ரால்டரில் பெரும் பாலம் கட்டி முடித்த பொறியாளர் வன்னேவர் மார்கன் மறுபக்கம். மார்கனுக்கு இப்போது இன்னொரு பாலம் வேண்டும், பூமியிலிருந்து விண்வெளிக்கு. பூமத்தியரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால் அது பூமியோடு ஒரே வேகத்தில் சுற்றும், நமக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும். அங்கிருந்து ஒரு கயிற்றை நிலம் வரை இறக்கினால் ராக்கெட் இல்லாமல் லிஃப்டில் ஏறிப் போகலாம். இந்த யோசனையை 1960இல் யூரி அர்த்சுத்தானோவ் என்ற ரஷ்யப் பொறியாளர் எழுதினார். அசையாத செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்கத் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் கிளார்க். இரண்டையும் ஓர் இலங்கை மலை மேல் அவர் முடிச்சுப் போட்டார். அதற்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகை மேல் வைத்தார்.

சிக்கல் என்னவென்றால் கயிற்றை நடத் தோதான இடம் அந்த மலை உச்சி. உச்சியில் பல நூற்றாண்டுகளாகப் பிக்குகளின் மடம். அவர்கள் நகர மாட்டோம் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூர் வாசகருக்கு மற்ற யாருக்கும் கிடைக்காத ஒரு பிடி கிடைக்கிறது. மேம்பாட்டுக்காகக் கோயில் இடம் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். கம்பத்து வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்ததை நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். பிடாடரியில் கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று வீவக வீடுகள். புது வீட்டுச் சாவி வாங்கும் சந்தோஷமும் பழைய இடம் போன வலியும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் என்று நமக்குத் தெரியும். கிளார்க்கும் அதைத்தான் எழுதுகிறார். பொறியாளரின் கனவு பெரியது, நியாயமானது. மடத்தின் தலைமைப் பிக்குவும் சின்ன மனிதர் இல்லை. இருவரும் சந்தித்துப் பேசும் பகுதியை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பக்கம் சாய்ந்தேன். கிளார்க்கிடம் ஆட்கள் இல்லை என்பவருக்கு இதுதான் பதில்: மார்கனுக்கு ஆசை இருக்கிறது, வயது ஏறுகிறது, முடிக்க முடியுமா என்ற பயம் இருக்கிறது.

இதற்கும் ஒரு தடை உண்டு, மறைக்க மாட்டேன். முதல் பகுதியில் பழைய அரசன் கதையும் எதிர்காலக் கதையும் மாறி மாறி வருகின்றன. என்ன நடக்கிறது என்று பிடிபடச் சில அத்தியாயம் ஆகும். தினம் பத்து பத்துப் பக்கமாகப் படித்தால் அறுந்துபோகும். அந்தத் தொடக்கத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், அப்புறம் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

ஆக நான் அவளிடம் சொன்னது: ஃபவுண்டன்ஸ் முதலில், ராமா இரண்டாவது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முழுக்க அந்நியமான ஒன்றுக்குள் நேராகக் குதிக்கப் பிடிக்கும், ஆட்களைப் பற்றிக் கவலையில்லை என்றால் அவர்கள் சொல்வதும் சரிதான், ராமாவையே எடுங்கள். ஆனால் தமிழ் வீட்டில், இந்த ஊரில் வளர்ந்தவருக்கு மழைக்காலமும் மலைக்கோயிலும் இடம்பெயர்தலும் தெரிந்த நிலம். அந்த நிலத்தில் கால் வைத்துவிட்டு 36,000 கிலோமீட்டர் ஏறுவது ஒரு தனி அனுபவம். அதை முதலில் வாங்கிக்கொண்டால் ராமாவின் குளிர்ந்த இருட்டுக்கும் தெம்பு வந்துவிடும்.

எந்த வடிவில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராமாவை அச்சில் படியுங்கள். முன்பக்கம் திரும்பி எது எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கும். ஃபவுண்டன்ஸுக்கு நூலகத்தின் மின்நூல் வசதி, பெயர்களைத் தொட்டுப் பொருள் பார்த்துக்கொள்ளலாம். லிபி செயலியில் தேடிப் பாருங்கள். ஒலிநூலில் இவர் எனக்குச் சரிப்படவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் எண்கள் நழுவிவிடுகின்றன, எண்கள் நழுவினால் கிளார்க் நழுவிவிடுகிறார்.

அவள் ஃபவுண்டன்ஸைத் தொடங்கினாள். மூன்றாம் நாள், “சித்தி, இந்த ராஜா எதுக்கு வர்றாரு?” என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை யோசனையைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை முடித்துவிட்டாள். அப்புறம்தான் ராமா, டப்பா, நீலத்தாள் எல்லாம்.

மார்ச்சில் அவள் கல்லூரியில் சேர்ந்து சில வாரம் ஆனபின் ஒரு நாள் மதியம் படம் ஒன்று அனுப்பினாள். 20ஆம் தேதி தாண்டிய நாட்கள், ஒரு மணி கொஞ்சம் கடந்த நேரம். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் பொழுது அது. விளையாட்டுத் திடலில் அவளுடைய காலணிகள் மட்டும், நிழல் அவற்றுக்கு அடியிலேயே ஒடுங்கியிருந்தது. கீழே கேள்வி: “நம்ம ஊரு பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கம்தானே? லிஃப்ட் இங்கேயே கட்டலாமா?”

நாம் வடக்கே 1.3 பாகையில் இருக்கிறோம், ரேகை இங்கிருந்து தெற்கே 140 கிலோமீட்டர் சுமாருக்கு ரியாவ் தீவுகளுக்கிடையே போகிறது என்று எழுதி அனுப்பினேன். “அப்போ படகுல போயிடலாம்” என்று பதில் வந்தது. கூடவே, 2001-ஐ எடுக்கச் சனிக்கிழமை நூலகத்துக்கு வர முடியுமா என்று.